மஞ்சள் ஸ்டிக்கர்

மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய மெசினில் நிற்பவருக்கு வேலை தங்கும், மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று தேத்தண்ணி அறையில் காலையிலேயே முடிவாகிவிட்டது. தேத்தண்ணி அறையில் முடிவானது இதுவரை பொய்த்ததில்லை.

லண்டனில் குளிரும் முன்னைப்போல இல்லை, வீட்டைச் சூடாக்கும் பொயிலர் வாங்கவும் ஆளில்லை. சவுத்தாலில் இருந்த அந்தப் பொயிலர் தொழிற்சாலையில் பாதிப் பேரை நிறுத்தப்போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது.

கோட் போட்ட இளைஞன் ஒருவன் கௌசிகனின் மெசினில் ஸ்டிக்கரை ஒட்டினான். அடுத்து நின்ற அருள்நேசனின் மெசினை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போனான். அருள்நேசன் அவன் பின்னாலேயே போனார். இந்த வயதில் இனி எவன் வேலை தருவான்?

இளைஞனின் கழுத்து அட்டையில் ஜெராட் என்று இருந்தது. முகமும் நம்மவர் முகம்.

"தம்பி, ஊரில எவடம்?"

"பேசாலை, அண்ணை."

"என்ர மனிசியும் பேசாலைதான்!"

மனைவி கட்டிக்கொடுத்த மட்டன் ரோல்ஸ் அப்படியே ஜெராட்டின் கைக்கு மாறியது.

"ஏன் தம்பி, என்ர மெசினுக்கு ஒட்டேல்லை?"

"பழசு போலக் கிடக்கு."

"பழசோ! ஒரு நாள் நிண்டதில்லை. பிள்ளை மாதிரிப் பாக்கிறன். உந்தக் கௌசிகன்ர மெசின்தான் அடிக்கடி படுத்திடும்."

தினமும் தன்னைக் காரில் ஏற்றிவருபவன் கௌசிகன் என்பது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பார்.

ஜெராட் இரண்டு மெசினையும் ஓட்டிப் பார்த்தான். பிறகு போனை எடுத்தான். அருள்நேசன் சட்டையை இழுத்துவிட்டு, மெசினில் கைவைத்துப் பல் தெரியச் சிரித்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அண்ணை, மெசினை மறைக்கிறியள்."

படம் எடுத்து முடித்ததும், கௌசிகனின் மெசினில் இருந்த ஸ்டிக்கரை உரித்து இதில் ஒட்டினான். கௌசிகனின் முகம் செத்துப்போனது. அருள்நேசன் அந்தப் பக்கம் திரும்பாமல் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டார்.

"இந்த உதவியைச் சாகும்வரைக்கும் மறக்கமாட்டன், தம்பி."

"நான்தான் அண்ணை உங்களுக்கு நன்றி சொல்லோணும்," என்றான் ஜெராட், ரோல்ஸைக் கடித்தபடி. "பழுதான மெசினை ஏலத்தில ஆர் வாங்குவினம்?"