என் வலது தொடையும் அறுபத்திரண்டு பேரும்

அறுபத்திரண்டு பேர் கொண்ட மேற்கத்திய இசைக்குழு ஒன்றை, கும்மிருட்டில், என் வலது தொடையை மட்டும் வைத்து அரை மணி நேரம் நான் நடத்தியிருக்கிறேன்.

திருப்பதியிலேயே இதை நம்பாதவள் ஒரே ஒருத்திதான். என் பெண் வைஜயந்தி. அந்த அறுபத்திரண்டில் அவளும் ஒருத்தி என்பதுதான் சிக்கல்.

அவள் வாசிப்பது வயோலா. வயலினுக்கு அக்கா மாதிரி. கொஞ்சம் பருமன், கொஞ்சம் கட்டைக் குரல். சென்னைக் குழுவில் ஒரு வருஷமாகத் தற்காலிகம். குழு எங்கள் ஊருக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் வாசிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலி நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்களாம்.

போன டிசம்பரில், சென்னையில், ஊசி விழுந்தால் கேட்கும் ஓர் இடத்தில் நான் "பேஷ்!" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். மேடையில் புல்லாங்குழல்காரர் நாற்காலியோடு ஓரடி எம்பி இறங்கினார்.

அதனால் இந்த முறை முன்கூட்டியே உத்தரவு வந்துவிட்டது.

"தொடையில தாளம் கூடாது. நடுவுல கை தட்டக் கூடாது. நாலு பகுதியும் முடிஞ்சப்புறம்தான் தட்டணும். மீறினேள்னா, இதுதான் நீங்க வர்ற கடைசிக் கச்சேரிப்பா."

திருமலை தரிசன வரிசையில் முப்பத்தோரு வருஷம் நின்று, "ஜரகண்டி, ஜரகண்டி" என்று பாதி இந்தியாவை நகர்த்தியவன் நான். என்னைப் போய் நகராமல் உட்காரச் சொன்னால்?

முதல் வரிசை, வலது கோடி. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். வைஜயந்தி கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தாள். என்னை யாரென்றே தெரியாதவள் போலத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பகுதி முடிந்ததும் அரங்கமே கை தட்டியது. பின்வரிசையில் ஒருவர் "பாகுந்தி!" என்று தெலுங்கில் பாராட்டிக் கூவினார். குச்சி வைத்து நடத்துகிறவர் திரும்பவே இல்லை; முதுகாலேயே முறைத்தார்.

"இன்னா ஸ்வாமி, நீங்க தட்டல? புடிக்கலியா?" என்றார் பக்கத்தில் எதிர்வீட்டு உமாபதி, இரண்டு கைகளாலும் விளாசிக்கொண்டே.

நான் கைகளை இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டேன். இங்கிதம் தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

இரண்டாம் பகுதியில் மூக்கின் நுனியில் எறும்பளவு ஓர் அரிப்பு புறப்பட்டது. பகுதி முடிவதற்குள் அது யானையளவு ஆனது. எதைக் கொண்டு சொறிவது?

மூன்றாம் பகுதியில் வலது கால் கட்டைவிரல் தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. இடது காலால் அதை மிதித்தேன். மிதித்த கால் தாளம் போட ஆரம்பித்தது.

நாலாம் பகுதி துரித காலம். எட்டு எண்ணிக்கை. நம்முடைய ஆதி தாளம் அப்படியே அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போது கரண்ட் போயிற்று.

ஜன்னலே இல்லாத அரங்கு. குச்சியும் இல்லை, குச்சி பிடித்தவரும் இல்லை, மேடையில் ஒரு தாளும் தெரியவில்லை.

இசை மட்டும் நிற்கவில்லை. மனப்பாடத்தில் ஓடியது; இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன் மாதிரி, அடுத்த படி எங்கே என்று தடவித் தடவி.

என் கை எப்போது வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. மரத்துப்போன கை. தொடையில் ஓங்கி ஒரு தட்டு. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மறுபடி தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு.

விளக்கு வந்தபோது அறுபத்திரண்டு பேரும் ஒரே படியில் நின்றார்கள். என் கை பழையபடி எனக்கு அடியில் இருந்தது.

வெளியே வந்ததும் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உமாபதி நம்பினார். அவர் எதையும் நம்புவார்.

முதுகில் வயோலாப் பெட்டியோடு வந்து நின்ற வைஜயந்தி பாதியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

"தாளம் போட்டேளா?"

அப்போதுதான் உறைத்தது. பெருமை பேசியே மாட்டிக்கொண்டேன். அவளே சட்டென்று, "சும்மா கதை விடறார், மாமா. மொத்தமே பதினோரு செகண்ட். ஒரு சத்தமும் கேக்கல," என்று உமாபதியிடம் சொன்னாள்.

பேசாமல் கதைதான் என்று ஒத்துக்கொண்டிருந்தால் அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் உண்டு.

"கேட்டது. நான்தான் போட்டேன்," என்றேன்.

கார் மலையடிவாரத்து அலிபிரி வளைவு வரை வந்துவிட்டது. நாற்காலி என்ன ஆயிற்று என்று கேட்க வாய் வரவில்லை. எனக்கு வாய் வராதது இதுதான் முதல் தடவை.

"நிரந்தரம் பண்ணிட்டாப்பா," என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னாள்.

"இருட்டுல என் வில் நின்னுடுத்து. எங்க இருக்கேன்னே தெரியல. மத்த அறுபத்தோரு பேருக்கும் ஒண்ணும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுது. மூணாவது தட்டுல சேர்ந்துண்டேன்."