கல்லில் வரவேண்டிய கிட்டார்

"நாளைக்குக் கல்லறைக் கல்லுல செதுக்க ஆரம்பிச்சிடுவாங்க சார். கிட்டார் அச்சு அசலா இதேதான் வரணும்."

கிட்டார் மெக்கானிக்கின் மேசைமேல் அந்தப் பெண் ஒரு பழைய புகைப்படத்தை வைத்தாள். மேடையில் கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தார் ஒருவர்.

"எங்கப்பா. எனக்கு ஆறு வயசிருக்கும்போது வெளியூர் கச்சேரிக்குப் போனவர மூடின பெட்டியிலதான் கொண்டு வந்தாங்க. போன வாரம் அம்மாவும் போயிட்டாங்க. அவர் பக்கத்துலயே அடக்கம் பண்ணிட்டோம். அம்மா அலமாரியில, துணிக்கு அடியில இது இருந்துச்சு."

"காதோரம் நரைச்சிருக்கே, பெரிய அனுபவஸ்தரோ?"

"நரையெல்லாம் கிடையாது சார், மேடை லைட்டு. பாதிக் கிட்டார் கையில மறைஞ்சிருக்கு. என்ன மாடல்னு நீங்க சொன்னா முழுசா வரைஞ்சுக்குவாங்க."

பழைய கிட்டார் என்றால் மெக்கானிக்குக்குச் சோறு தண்ணி வேண்டாம். உற்சாகமாக லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

"இந்த மாடல்ல ஒயர் சொருகுற ஓட்டை முதல்ல முன்பக்கம்தான் இருந்துச்சு. வாசிக்கிறவன் ஒயர மிதிச்சு மிதிச்சே பலகை பொளந்துபோகும். அப்புறம்தான் கம்பெனிக்காரனுக்குப் புத்தி வந்து விலாப்பக்கம் மாத்தினான். இதுல பாருங்க, விலாவுல இருந்துதான் ஒயர் வருது. எண்பத்து மூணு மாடல்!"

அவள் முகம் மாறியது. "அதுக்கு முன்னாடி வந்திருக்காதா?"

"ஒண்ணுகூடக் கிடையாது. என் கல்யாண நாள் எனக்கு மறந்துபோகும், இது மறக்காது. வேணும்னா எங்க வீட்டுக்காரியக் கேளுங்க."

"யாராச்சும் பிற்பாடு விலாவுல ஓட்டை போட்டு மாத்தியிருக்கலாமே சார்? நல்லாப் பாருங்க." குரல் கெஞ்சியது.

"போட்டிருந்தா பழைய ஓட்டை முன்னாடி தெரியணுமேம்மா! இங்க வழவழன்னு இருக்கு. படம் எடுத்தது எண்பத்து மூணுக்கு அப்புறம்தான், எழுதியே தர்றேன்."

அவள் கைப்பையிலிருந்து கல் செதுக்குபவருக்கு எழுதிய காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். அம்மாவின் பெயருக்கு மேலே அப்பாவின் பெயர். அதன் எதிரே, மறைந்த வருடம் எழுபத்தேழு.

மெக்கானிக் லென்ஸைக் கழற்றினார்.

புகைப்படத்தின் நரையை விரலால் மெல்லத் தடவியபடி அவள் கேட்டாள்.

"அப்ப அம்மா பக்கத்துல படுத்திருக்கிறது யாரு சார்?"