சிம்பல் எங்கே?

வந்துவிட்டது.

அவன் ஃபைலைத் திறப்பதற்குள் இரண்டு முறை எழுந்துவிட்டான். மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான். ஹெட்போனை எடுத்தான், வேண்டாம் என்று வைத்தான். இதற்குப் பெரிய ஸ்பீக்கர்தான் மரியாதை.

ஜெரால்டின் செய்தியும் கூடவே இருந்தது.

"அண்ணா, நீங்க சொன்ன மாதிரி சிம்பல் சத்தத்தை ஏத்திட்டோம். ஓகேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. சாயங்காலம் ரிலீஸ்."

ஜெரால்டும் கூட்டாளிகளும் பெரம்பூர்ப் பையன்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வருடக்கணக்கில் உழைத்து முதல் மெட்டல் ஆல்பத்தை முடித்திருந்தார்கள். ஊருக்கு முன்னால் அவனுக்கு அனுப்பினார்கள். எல்லாக் குழுவும் அப்படித்தான். ராக்கோ மெட்டலோ பாப்போ, யூடியூபில் அவன் வாயால் நல்ல வார்த்தை வந்தால் நாலு பேர் தேடிக் கேட்பார்கள். எல்லா ஆல்பத்தைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து உண்டு. சிலவற்றைப் பற்றி, கேட்பதற்கு முன்பே உண்டு.

போன வாரம் வீடியோவில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, பையன்களைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தான்.

கிட்டார் பிரமாதம். குரல் பரவாயில்லை. ஆனால் டிரம்ஸைச் சுற்றி நிற்குமே பித்தளைத் தட்டுகள், அவை? "சிம்பல் எங்கே தம்பி? வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?"

நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். சிலர் மட்டும் "நல்லா கேக்குதே ப்ரோ" என்று எழுதியிருந்தார்கள். அவர்களிடம் முதலில் ஒரு நல்ல ஹெட்போன் வாங்குங்கள் என்று பதில் போட்டான்.

போட்டுவிட்டானே தவிர, அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இந்த வருடம் வந்த ஆல்பங்கள் எல்லாமே அவனுக்கு மந்தமாகத்தான் கேட்டன. போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல. வாத்தியச் சத்தங்களை அளவாகக் கலக்கிற மிக்ஸிங் இப்போது யாருக்குமே தெரியவில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

பாட்டைப் போட்டான்.

இருந்தது. முதல் அடியிலேயே இருந்தது. பளீரென்று, துல்லியமாக, அவன் ஆசைப்பட்ட அதே சிம்பல்.

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. சொன்னால் கேட்டுக்கொள்கிற பையன்கள். இவர்கள் உருப்படுவார்கள்.

சத்தத்தைக் கூட்டினான்.

சாரு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஈரக் கையோடு இரண்டு காதையும் பொத்தியிருந்தாள்.

சாரு அவன் மனைவி. பாப் ரசிகை. மெட்டலா, பாப் இசையா என்று கல்லூரியில் சண்டை போட்டே காதலித்தவர்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அவனுடைய பாட்டுகளை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்வாள். ஆனால் அதே சத்தத்தில் சமைப்பாள், அதே சத்தத்தில் தூங்குவாள். ஒரு நாளும் காதைப் பொத்தியதில்லை.

"ஐயோ, நிறுத்து! காதுக்குள்ள ஊசி எறங்குது!"

நிறுத்தினான்.

"போன வாரம் போட்டியே, அது நல்லாதானே இருந்துச்சு? அதை ஏன் இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க?"

"அதுல சிம்பலே இல்ல சாரு."

"என்ன உளர்ற? பாட்டு பூரா அடிச்சிட்டே இருந்துச்சே."

அவள் முகத்தைப் பார்த்தான். கிண்டல் இல்லை.

அலமாரியிலிருந்து ஒரு சிடியை எடுத்தான். கல்லூரி முதல் வருடத்தில் அவனை மெட்டலுக்குள் இழுத்துப் போட்ட ஆல்பம். அதன் கடைசிப் பாட்டு சிம்பலில் மட்டும் தொடங்கும். தட்டின் ஓரத்தில் குச்சி நுனி படுகிற சத்தம். மெல்ல, மெல்ல. கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகுதான் கிட்டார் வரும். அந்தத் தொடக்கத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழு வீடியோ பேசியிருக்கிறான்.

கேட்டுப் பல வருடம் ஆகிறது. மனப்பாடமான ஆல்பத்தை யார் எடுத்துப் போடுகிறார்கள்?

போட்டான்.

அறை அமைதியாக இருந்தது.

சிடி சுற்றவில்லையோ என்று குனிந்து பார்த்தான். சுற்றிக்கொண்டிருந்தது.

பயமாக இருந்தது.

திரும்பினான்.

சாரு கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். பார்வை எங்கோ இருந்தது. அவள் விரல் கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தது. மெல்ல, ஒரே சீராக. அது அவனுக்குத் தெரிந்த தாளம்.

கிட்டார் வந்தது.

அணைத்தான்.

"ஏன்? நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

ஓகே என்று ஒரு வார்த்தை போதும். அவன் காதுக்குச் சரியாக இருக்கிற ஆல்பம் சாயங்காலம் ஊருக்கே போய்விடும். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பிறகு அவன் கருத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

போன் அடித்தது. ஜெரால்டு.

"கேட்டீங்களாண்ணா? எப்படி இருக்கு?"

"பழசையே விடு."

"அண்ணா?"

"பழைய மிக்ஸையே ரிலீஸ் பண்ணுப்பா. அதுதான் சரி."

"அதுல சிம்பல் இல்லன்னு நீங்கதானேண்ணா..."

"இருக்கு."

"திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

அவன் சாருவைப் பார்த்தான். அவளும் இப்போது அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லப்பா. உங்க அண்ணி சொன்னா."

ஜெரால்டு வாய்விட்டுச் சிரித்தான். வீடியோக்களில் அண்ணியின் பாப் காது படுகிற பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

இந்தப் பக்கம் சிரிப்பு எழவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜெரால்டும் நிறுத்திக்கொண்டான்.