குடும்ப நிறம்

“இவ மட்டும் தனியாத் தெரியுறா பாருங்க. இதைத்தான் சரி பண்ணணும்” என்றாள் வந்தவள், திரையில் இருந்த குடும்பப் படத்தைத் தொட்டும் தொடாமலும் காட்டி.

படத்தில் நான்கு பேர். அப்பா, அம்மா, மூத்தவள் மூவரும் எலுமிச்சம்பழ நிறம். நடுவில் நின்ற சின்னவள் மட்டும் யாரைக் கொண்டு பிறந்தாளோ, நல்ல கறுப்பு. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் எடிட்டர் அந்தச் சிரிப்பையே பார்த்தாள். அவளும் சின்னவளின் நிறம்தான்.

போன வாரம் ஒரு தகப்பனார் மகளின் படத்தைக் கொண்டுவந்து வெளுக்கச் சொன்னபோது, “இருக்கிற நிறத்துக்கு என்ன சார் குறைச்சல்?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டாள். மனிதர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். “இன்னொரு தடவை வாயைத் திறந்தே, அடுத்த நாள் வேலைக்கு வர வேணாம்” என்றுவிட்டார் முதலாளி. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்தச் சம்பளத்தில்தான். வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வதாகச் சத்தியம் செய்திருந்தாள். அவள் வாயோ பூட்டுக்கு அடங்குகிற ரகம் இல்லை.

“பாப்பா நல்லாத்தானேக்கா இருக்கா?”

“இருக்கா, யார் இல்லேன்னா? ஆனா இந்தப் படத்தைப் பாத்ததிலேருந்து, ஹால்ல மாட்டவே கூடாதுன்னு ஒரே அழுகை. ‘நான் மட்டும் வேற வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கேன்’கிறா. கறுப்பு வெள்ளையா மாத்திட்டா நிறத்தை ஏத்தி இறக்கி எல்லாரையும் ஒண்ணாக்கிடலாம்னு சொன்னாங்க. முடியுமா?”

“முடியும்... ஆனா...”

முதலாளி கல்லாவிலிருந்து தொண்டையைக் கனைத்தார். “என்னம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

“இல்ல சார்” என்றாள் எடிட்டர் அவசரமாக.

“அப்ப பண்ணி வைங்க. பக்கத்துலதான் ஸ்கூல். நான் போய் அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடுறேன்.”

வந்தவள் படி இறங்கியதும் எடிட்டர் திரும்பினாள். “சார், சின்னக் குழந்தை சார். இந்த வயசுல அதோட முகத்தைப் போய்...”

“அவங்க பெத்த பொண்ணு, அவங்க வீட்டுச் சுவரு. உனக்கு எங்கே வலிக்குது?”

எங்கே வலிக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அவளையும் ஒரு ஸ்டுடியோக்காரர் இப்படித்தான் வெளுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், “யாரு இந்த அழகான பொண்ணு?” என்று படத்தைக் காட்டிக் கேட்பார்கள். அதை வளர்ந்த பிறகும் அவளால் மறக்க முடியவில்லை. முதலாளியிடம் அதையெல்லாம் சொல்லவா முடியும்? மவுஸைப் பிடித்தாள்.

படத்திலிருந்து வண்ணத்தை எடுத்தாள். பிறகு சின்னவளின் முகத்தை மட்டும் வளைத்துப் பிடித்தாள். தோலின் நிறத்தில் ஆரஞ்சுதான் அதிகம்; கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றினால் தோல் வெளுக்கும். இது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

ஏற்றினாள். கன்னத்துக் குழி போயிற்று. இன்னும் ஏற்றினாள். மூக்கின் ஓரம் கரைந்தது. பளிச்சென்று இருந்த பற்கள் முகத்தின் வெளுப்போடு கலந்து காணாமல் போயின. முகம் மற்ற மூன்று முகங்களோடு அச்சாக ஒத்துப்போனது. ‘மன்னிச்சுக்கோ கண்ணு’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சின்னவள் நேரே திரை முன்னால் வந்து நின்றாள். பார்த்தாள். சிரிக்கவில்லை. உதடு பிதுங்க, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அம்மாவின் முகமும் மாறியது. “என்னங்க இது?”

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தது எடிட்டரின் ஓரக்கண்ணில் தெரிந்தது. வேலை போயிற்று, அவ்வளவுதான்.

“போதலையாக்கா? இன்னும் கொஞ்சம் வெளுக்க வைக்கட்டுமா?”

“ஐயையோ, அவளை ஏங்க தொட்டீங்க? அவ இருக்கிறபடியே இருக்கட்டும். எங்க மூணு பேரையும் அவ நிறத்துக்குக் கொண்டு வாங்க!”

எடிட்டர் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார்.

“அது... உங்க நிறத்தை இறக்கினா, முகத்துல இருக்கிற திட்டு, தழும்பு எல்லாம் எழும்பித் தெரியுமேக்கா. யாருமே அப்படிக் கேக்க மாட்டாங்க.”

“தெரியட்டுமே” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த அம்மா, ஒளிந்திருந்தவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “இவ பாத்துக்கிட்டே இருக்கட்டும். முதல்ல என்னைக் கறுப்பாக்குங்க.”