அறிவிப்புப் பெட்டி

"யாரோ ஒருத்தரோட வெப்சைட்டை அப்படியே சுட்டுட்டு, சொந்த வேலைன்னு மேனேஜர்கிட்ட அளந்துவிட்டிருக்கீங்க," என்றாள் மனைவி.

"சுடலைடி. நிறம், அமைப்பு மட்டும்தான் எடுத்தேன். பேரும் போட்டோவும் என்னோடது."

அந்த வெப்சைட்டைப் பார்த்துத்தான் மேனேஜர் அவனுக்கு வேலை கொடுத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

போன் அடித்தது. காலையிலிருந்து மூன்று பேர் அவன் குரலைக் கேட்டதும் பதறிப் போனை வைத்துவிட்டார்கள். இம்முறை மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேனேஜர் பேசறேம்மா. உங்க வீட்டுக்காரர் வெப்சைட்டைப் பார்த்தேன். மனசே ஆறலை."

அவன் அவசரமாகத் தன் தளத்தைத் திறந்தான். அவன் படத்தின் கீழே, அறிவிப்புப் பெட்டியில் ஒரு வரி இருந்தது.

'என் கணவர் நேற்று காலமானார்.'

"நான் எழுதலைங்க," என்று கிசுகிசுத்தாள் மனைவி.

அவனுக்குப் புரிந்துவிட்டது. அறிவிப்புப் பெட்டியையும் சேர்த்து நகலெடுத்தவன், அசல் தளத்தோடு அதற்கிருந்த இணைப்பைத் துண்டிக்க மறந்திருந்தான். அங்கே எழுதுவது இங்கேயும் தெரியும். இறந்தவர் அந்த அசல் தளத்துக்காரர்; எழுதியது அவர் மனைவி.

"எப்படிம்மா ஆச்சு?" என்றார் மேனேஜர்.

மனைவி போனைப் பொத்தினாள். "நல்லாத்தான் இருக்கீங்கன்னு சொல்லிடட்டுமா?"

சொன்னால், அந்த வரி எப்படி வந்தது என்று கேட்பார்; சுட்டது தெரிந்துவிடும்.

அவன் மெல்லத் தன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.