அடையாள அணிவகுப்பு

வரிசையின் கடைசியில் நின்றவனைக் கண்டதும் ஜெயம்மாவின் கால்கள் தாமாக நின்றுவிட்டன.

சசி.

புளத்கொகுபிட்டிய பஸாரில் த்ரீவீலர் ஓட்டுகிறவன்.

நீதிமன்றத்துக்குப் பின்னால் இருந்த அறையில், ஏறக்குறைய ஒரே வயதும் ஒரே உயரமுமான ஆண்களைச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நீதவான் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

லாபிர் நானாவின் போன் கடைக்குள் புகுந்து, அவர் மண்டையை இரும்புக் கம்பியால் உடைத்துவிட்டு ஓடியவன் யார் என்று ஜெயம்மா காட்ட வேண்டும். அந்த நேரத்தில் கடை வாசலைக் கடந்து வந்தவள் அவள் ஒருத்திதான். முகத்தைக் கண்டேன், ஆள் யாரென்று தெரியாது என்று போலீசில் சொன்னவளும் அவள்தான். லாபிர் நானா ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

"ஆள் இருந்தா தோளைத் தொட்டுக் காட்டுங்கம்மா. அது போதும்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தொட்டால் போதும்.

சசியும் அவளைப் பார்த்துவிட்டான். சாட்சி இவள்தான் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. முகம் வெளுத்துப்போனது.

அவன் மறந்திருக்கவில்லை.

மகள் சுகந்தினிக்குப் பிரசவ வலி கண்ட அன்று, அடைமழையில், தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவன் அவன். பாதி வழியில் சீட்டில் இரத்தம் இறங்குவதைக் கண்டதும் வண்டியை ஓரம் கட்டினான். ஜெயம்மா கெஞ்சினாள். காலைப் பிடித்தாள். சீட்டு பழுதாகிறது, இறங்குங்கள் என்று தாயையும் மகளையும் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

வேறு வண்டி கிடைப்பதற்குள் சுகந்தினியும் போனாள். அவள் வயிற்றில் இருந்ததும் போனது.

அதற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? தன் வண்டியிலிருந்து ஒருத்தியை இறக்கிவிட்டது குற்றம் என்று யார் எழுதுவார்கள்?

பழி தீர்ப்பது ஆண்டவர் வேலை, அவரிடம் விட்டுவிடுங்கள் என்று ஜெபவீட்டில் பாஸ்டர் சொல்லுவார். ஜெயம்மாவும் ஆமென் சொல்லுவாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் சசியைச் சபித்துக்கொண்டே போவாள்.

ரப்பர் பால் வெட்டும்போது அவள் கத்தி பட்டையில் அளவுக்கு மேல் இறங்கும். மரம் காயப்படுகிறதே என்று கங்காணி ஏசுவார். அந்தப் பட்டை அவளுக்கு யாருடைய கழுத்து என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்று அந்தக் கழுத்து கைக்கெட்டும் தூரத்தில் நின்றது.

ஜெயம்மா நடந்தாள்.

இவன் பெண்டாட்டி சோத்துப் பார்சலோடு ஜெயில் வாசலில் மழையில் நிற்பாள். நிற்கட்டும். உள்ளே இவன் யார் காலையாவது பிடித்துக் கெஞ்சுவான். கெஞ்சட்டும். கெஞ்சக் கெஞ்ச அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகட்டும்.

ஆண்டவரே இவனைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்தியிருக்கிறார், தொடு என்றது உள்ளே ஒரு குரல்.

அந்தக் குரல் ஜெபவீட்டில் கேட்கிற குரல் மாதிரியே இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

கையைத் தூக்கினாள்.

சசியின் சட்டை வியர்வையில் தோளோடு ஒட்டிக் கிடந்தது. தொடும் முன்பே அவன் உடம்பின் சூடு அவள் விரல் நுனியில் தெரிந்தது. சத்தம் வராமல் அவன் உதடு மட்டும் 'அம்மா' என்று அசைந்தது.

ஜெயம்மாவுக்கு இரக்கம் வரவில்லை. வெறுப்புத்தான் இன்னும் கூடியது. அம்மாவாம்! அன்றைக்குச் சுகந்தினியும் அந்தச் சொல்லைத்தான் கத்தினாள்.

ஒரேயொரு பொய், ஆண்டவரே. இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுங்கள்.

பொய்ச்சாட்சியைப் பற்றி அவர் சொல்ல வேண்டியதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்.

தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு, மற்றக் கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இவன் இல்லீங்க."

சசி சுவரில் சரிந்து உட்கார்ந்து விம்மினான். அவள் காலைத் தொடக் கையை நீட்டினான். ஜெயம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவனை அவள் மன்னிக்கவில்லை. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தாள்.

நீதவான் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"வரிசையில வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். போய்விடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

ஆனால் ஒரு பொய்யை விட்டுவிட்டு இன்னொன்றைக் கட்டிக்கொண்டு எப்படிப் போவது?

"ஆளு யாருன்னு தெரியாதுன்னு போலீசில சொன்னேனுங்களே, அது பொய்யுங்க. தெரியும். வெளிய கேட்டு வாசல்ல நிக்கிறான். அவன்தான் என்னைய இங்க கூட்டிக்கிட்டு வந்தான்."

"யாரும்மா அது?"

"என் மகனுங்க. சுகந்தினிக்கு எளையவன்."

மொழிபெயர்ப்பாளர் நீதவான் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். மறுபடி அவளையே திரும்பிப் பார்த்தார். நீதவான் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

ஜெயம்மா, மேசைக்கு முன்னால் போய் நின்று, அதையே தானே சிங்களத்தில் சொன்னாள்.

"மகே புத்தா, சுவாமீனி."