பதினேழாம் தட்டு

பதினேழாம் தட்டில் ஒன்றுமே இல்லை.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். உருண்டை உருண்டையாகச் செத்த செல்கள். ஒரு நரம்பிழைகூட நீளவில்லை.

பதினாறில் நாற்பத்து மூன்று இழைகள். பதினெட்டில் முப்பத்தெட்டு. வேறு ஐந்து தட்டுகளில் இழை வளராவிட்டாலும் செல்லாவது உயிரோடு இருந்தது.

இருபது தட்டு, இருபது பேர். எல்லோருக்கும் பார்வை நரம்பு பட்டுப்போகிற நோய். அவர்கள் ரத்தத்தை வாங்கி, ஸ்டெம் செல் ஆக்கி, அதைக் கண் நரம்பு செல்லாக வளர்த்திருந்தார்கள். அந்தச் செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு இருக்கிறது. வளர்ந்தது போதும், அடங்கு என்று சொல்வது அதன் வேலை. அதன் வாயைக் கட்டிவிட்டால் நரம்பு மறுபடியும் வளரும். ஆறு மாதமாக அந்த ஆய்வகம் நம்பிக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

யார் தட்டில் இழை வளர்கிறதோ அவர் பெயர் சிகிச்சைப் பட்டியலுக்குப் போகும். வளராதவர் பெயர் போகாது.

எந்தத் தட்டு யாருடையது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக் கூடாது. ஒரு தட்டு தெரிந்தாலும் மொத்தமும் குப்பைக்குப் போகும். பேராசிரியர் சகாயமேரி இதில் ரொம்பக் கறார். பெயர்கள் ஆய்வக உதவியாளர் மங்கையக்காவின் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தன.

அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆயுத பூஜை அன்று மங்கையக்கா இன்குபேட்டர் கதவுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மைக்ராஸ்கோப்புக்கு வைத்தாள். கையோடு கையாக ஒரே ஒரு தட்டின் மூடியிலும் கடுகளவு சந்தனம் வைத்துவிட்டாள். அக்கா நல்ல மனசுக்காரி. முகிலன் ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கே கண்கலங்கியவள். நல்லது நினைத்துத்தான் செய்தாள்.

முகிலன், தட்டுகளை எண்ணுகிற இவளுடைய தம்பி. இருபத்தாறு வயது. மினிபஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இப்போது எதிரே நிற்கிறவர் முகத்தில் மூக்கும் வாயும் அவனுக்குத் தெரியாது. தலையைத் திருப்பி ஓரக்கண்ணால்தான் ஆளைப் பிடிப்பான். அந்த ஓரமும் குறைந்துகொண்டே வந்தது.

சந்தனத்தைப் பார்த்த அன்றே அவள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். துடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு தினமும் அந்தத் தட்டை எடுத்துப் பார்த்தாள். மற்றதெல்லாம் வாரம் ஒருமுறை. பதினேழு மட்டும் காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம்.

இழை தெரிய வேண்டுமானால் நீல வெளிச்சம் போட வேண்டும். அது அதிகம் பட்டால் செல் செத்துப்போகும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லித்தருகிற பாடம் அது.

தூங்குகிற பிள்ளையை உற்றுப் பார்க்கக் கூடாது என்பார்கள். இத்தனை படித்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை பாருங்கள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. தன் மேல் வெறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெறுப்பும் மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் முதலிலிருந்து தொடங்குவார்கள், முகிலனுக்கு இன்னொரு தட்டு கிடைக்கும். இருபது பேருக்கும் இன்னும் ஆறு மாதம் போகும். அதற்குள் யாருக்கு எவ்வளவு பார்வை மிஞ்சுமோ. மங்கையக்காவுக்கு வேலை போகும்.

பொய் சொல்லலாம். ஒரு நாற்பது. யார் கண்டது, இந்த வெளிச்சம் படாமல் இருந்தால் நாற்பதே வளர்ந்திருக்கலாம்.

பேராசிரியர் நோட்டோடு வந்து நின்றார். ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மங்கையக்கா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினேழு?"

அவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள்.

"பூஜ்யம், மேடம்."

பேராசிரியர் எழுதிக்கொண்டு பதினெட்டைக் கேட்டார்.

மத்தியானம் தம்பிக்கு போன் போட்டாள். வளரவில்லை என்று சொன்னாள். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மற்றவர்களுக்கு எப்படி என்று அவன் கேட்டான். பதினாலு பேருக்கு வளர்ந்திருக்கிறது என்றாள். பரவாயில்லையே என்றான்.

போனில் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது. வேலை போன பிறகும் பகலெல்லாம் அவன் பஸ் ஸ்டாண்டில்தான் உட்கார்ந்திருப்பான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வர்றப்ப ஒரு கம்பு வாங்கிட்டு வா. வெள்ளைக் கம்பு. மடக்குறது."

என்ன நீளத்தில் என்று கேட்டாள்.

"நெஞ்சுக்குழி வரைக்கும் வரணுமாம்" என்றான். "போன மாசமே கேட்டு வச்சுட்டேன்."